ஆறு பூட்டுச் செயலாளர்

என் வீட்டுக்காரர் தேர்தலில் ஜெயித்தது ஒரு விபத்து. நான் இப்படிச் சொல்வது தெரிந்தால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். முப்பத்தோரு வருஷமாக வந்துகொண்டிருப்பதுதானே.

எங்கள் கட்டடத்துக்கு ஆறு மாடி. மாடிக்கு நான்கு வீடாக மொத்தம் இருபத்து நான்கு. தரைத்தளத்தில் வண்டிகள் நிற்கும். நாங்கள் முதல் மாடி, என் அக்கா ஆறாவது மாடி. நானும் அவளும் ஒரே நாளில் வீடு பார்த்து, ஒரே நாளில் பால் காய்ச்சி, சாமான்களை இறக்கிக் குடிவந்தவர்கள். "ஒரே கட்டடம், ஆனா அஞ்சு மாடி வித்தியாசம். சண்டை போட்டாலும் சத்தம் கேக்காது" என்று அப்போது அக்கா சொன்னாள்.

அந்த அஞ்சு மாடிதான் பிறகு எமனாக வந்து நின்றது. அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, லிஃப்டில் மேலே ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்த மூன்றாவது வாரம் லிஃப்ட் நின்றது. ஐந்து மாதம் ஆகியும் அசையவில்லை. கீழேயிருந்து அவள் வாசலுக்கு நூற்றெட்டு படி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பவளுக்கு அந்த நூற்றெட்டும் கடல் மாதிரி. நான் காலையில் ஒரு தடவை, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் என் வேலை முடிந்து வந்து ஒரு தடவை என்று ஏறி இறங்கி, முழங்கால் இரண்டும் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டன.

அக்காவின் மகன் ஒரு பகல் பயண தூரத்தில் இருக்கிறான். நல்ல பையன். ஆனால் அம்மாவைப் போலவே ஒரே பேச்சு. போனில் சொல்லிவிட்டான்: "மாசக் கடைசி சனிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன்மா. அன்னைக்கு லிஃப்ட் ஓடுச்சுன்னா உன் இஷ்டம், நீ இங்கேயே இரு. ஓடலைன்னா நாலு ஆளை வச்சு நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் என்கூடத்தான்."

"சரின்னுட்டேன்டி" என்றாள் அக்கா.

"ஏன்க்கா சரின்னே?"

"அவன் சொல்றதுல என்ன தப்பு? ஜன்னல் வழியா தெருவைப் பாத்துப் பாத்து, எதிர்க்கடைக்காரன் எத்தனை தடவை தலை சீவறான்னுகூட எனக்குக் கணக்குத் தெரியுது."

அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். போகிறேன் என்றால் போய்விடுவாள். அப்பா அம்மா போன பிறகு என்னை 'டி' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் பாக்கி.

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு பராமரிப்புக் கம்பெனி. பார்த்துக்கொண்டது என்பது சரியான சொல். பார்த்தார்கள், அவ்வளவுதான். மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறைக்கு ஒரே ஒரு சாவி, அது மேனேஜரிடம். மேனேஜர் யாரிடம் இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. 'லிஃப்டே மொத்தமாக மாற்ற வேண்டும், ஒரு வருஷம் ஆகும்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு அவர் மறைந்துவிட்டார்.

அந்தக் கம்பெனிக்கு என் வீட்டுக்காரர் எழுதிய கடிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. எடைக்கல்லும் தராசும் சரிபார்க்கும் அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எது ஒரு குண்டுமணி குறைந்தாலும் பொறுக்காது. படிக்கட்டு பல்பு, குழாய்க் கசிவு, பூந்தொட்டிக்குள் பூனை, எல்லாவற்றுக்கும் கடிதம், எண் போட்டு, நகல் எடுத்து. ஒன்றுக்காவது பதில் வரவேண்டுமே. கட்டடத்தில் அவருக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர். அவருக்கும் தெரியும்.

அந்தக் கடிதங்களைப் படித்த ஒரே ஆள் என் அக்கா. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். கையெழுத்தைப் பார்த்தே எழுதியவரின் வயதைச் சொல்லுவாள். இவர் ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்ததும், "உங்க அக்காகிட்ட காட்டிட்டு வா, தப்பு கிப்பு இருந்தா சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டுவார். அவள் பென்சிலால் ஓரத்தில் கிறுக்கி அனுப்புவாள். 'மாப்பிள்ளை, கடும் கண்டனம் இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு முறை கண்டித்தாலே அவர்கள் படிக்கப்போவதில்லை.' இவர் அதைப் படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வாய் மட்டும் இல்லேன்னா..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கண்டனத்தை அடிப்பார். நேரில் பார்த்தாலும் இதே கதைதான். அவள் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நான் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் ஒட்டவே ஒட்டாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கடைசியில் இருபத்து நான்கு வீடும் கையெழுத்துப் போட்டு, கம்பெனியைக் கழற்றிவிட்டு, கட்டடத்தை நாங்களே நடத்துவது என்று முடிவானது. கூட்டம் எல்லாம் அக்கா வீட்டு ஹாலில்தான். அவளால் இறங்க முடியாதே. நூற்றெட்டு படி ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே பேசியதால் யாராலும் நீளமாகப் பேச முடியவில்லை. அது ஒரு நன்மை.

செயலாளர் தேர்தலுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாலாம் மாடிப் பல் டாக்டர். சிரித்த முகம், எல்லோருக்கும் பிடித்தவர், ஜெயிப்பது உறுதி. இன்னொருவர் என் வீட்டுக்காரர். "எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை? ஒரு ஓட்டுக்கூட விழாது" என்று நான் கையைப் பிடித்து இழுக்காத குறை. கேட்கவில்லை.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. சீட்டில் பெயரை எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். எண்ணுகிற பொறுப்பு அக்காவுடையது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தாள். ஒரு சீட்டில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு மளமளவென்று முடித்து அறிவித்தாள்.

"புகார்ப்... மாப்பிள்ளைக்கு இருபத்து மூணு. எனக்கு ஒண்ணு. டாக்டருக்கு ஒண்ணும் இல்ல."

இவர் இனிப்பு வாங்கக் கீழே இறங்கிப்போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இரண்டாம் மாடித் தையல்காரம்மா என் காதில், "பாவம், ஒரு ஓட்டுக்கூட விழாதேன்னு நான் போட்டேன்க்கா" என்றாள். மூன்றாம் மாடி பஸ் டிரைவரும் அதேதான். ஐந்தாம் மாடிக் கணக்கு டீச்சரும் அதேதான். ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் அவரவர் மனசுக்குள் தனித்தனியாகப் பாவம் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் ஓட்டையும் சாருக்குத்தாங்க போட்டேன். அவரு முகம் வாடிப்போகக் கூடாதுன்னு" என்றார்.

நிற்காத அக்காவுக்கு ஒரு ஓட்டு எப்படி விழுந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "உனக்கு நீயே போட்டுக்கிட்டியா? வெக்கமா இல்ல?" என்று நான்கூட அவளை ஒரு வாரம் வாரினேன். அவள் சிரித்ததோடு சரி.

மேனேஜர் பொறுப்பை ஒப்படைக்க வந்தார். ஒப்படைத்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அறுபத்து மூன்று சாவி, ஒன்றிலும் சீட்டு இல்லை. இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று போட்டுப் பார்த்தோம். முப்பத்தெட்டு சாவி எதற்கும் சேரவில்லை. சேர்ந்தவற்றில் ஒன்று மேனேஜரின் சாப்பாட்டு அலமாரியைத் திறந்தது. உள்ளே ஒரு கரண்டி இருந்தது.

அன்றைக்குத்தான் புதுச் செயலாளர் தன் முதல் உரையை ஆற்றினார்.

"ஒரே ஆள் கையில சாவி இருந்ததாலதான் நாம இவ்வளவு நாள் சீரழிஞ்சோம். இனிமே எந்தத் தனி மனுஷன் கையிலயும் லிஃப்ட் ரூம் சாவி இருக்காது. ஆறு மாடி. ஆறு பூட்டு. மாடிக்கு ஒரு சாவி. ஆறு பேரும் சேர்ந்தாத்தான் கதவு திறக்கும்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். கம்பெனி மேல் இருந்த கோபத்தில் யாருக்கும் யோசனை ஓடவில்லை, நானும்தான் தட்டினேன். வெல்டர் வந்து கதவில் வரிசையாக ஆறு வளையம் வைத்துக் கொடுத்தார். இப்படி ஒரு கதவை ஜெயிலில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு விதியும் எழுதினார் இவர். விதி நான்கு: ஆறு சாவியும் ஒன்றாக இல்லாமல் அறை திறக்கப்படக் கூடாது, எந்தச் சூழ்நிலையிலும். 'எந்தச் சூழ்நிலையிலும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. வழக்கம்போல் நான் அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் ஓரத்தில் எழுதினாள்: 'மாப்பிள்ளை, ஒருத்தர் வெளியூர் போனால்?' இவர் அதற்குக் கீழே எழுதினார்: 'போகக் கூடாது.'

மற்றபடி செயலாளர் வேலையை அவர் பார்த்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரமே எங்கள் கதவுக்கு அடியில் பதினேழு புகார் வந்து விழுந்தது. தனக்கு வந்த முதல் புகாரைப் பிரித்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ரேகை பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினேழுக்கும் அன்றன்றே பதில் எழுதினார். 'மாடிப்படி பல்பு குறித்த தங்கள் கடிதம் கிடைத்தது. மாற்றிவிட்டேன். வெளிச்சம் போதுமா என்று தெரிவிக்கவும்.' ஜனங்களுக்கு ஆச்சரியம். போதும் என்று தெரிவிக்கவே நான்கு பேர் கடிதம் போட்டார்கள்.

ஆனால் லிஃப்ட் ஓடவில்லை. எங்களுடையது பழைய மாதிரி. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், அதில் ஒருவர் வேலையை விட்டுவிட்டார். இன்னொருவர் ஒரு அம்மா. இவர் அவருக்கும் தினம் ஒரு கடிதம் போட்டு, போனும் போட்டு, கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். ஒரு மணிக்குக் கிளம்பிடுவேன். விட்டா அப்புறம் மூணு வாரத்துக்கு என்கிட்ட தேதி கிடையாது."

நாளை என்றால் மாசக் கடைசி சனிக்கிழமை. மூன்று மணிக்கு அக்கா மகன் வருகிற நாள்.

சனிக்கிழமை பத்துக்கு அந்த அம்மா மொட்டை மாடிக்கு ஏறி வந்தார், பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். கொண்டையில் ஒரு திருப்புளி செருகியிருந்தது. ஆறு பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நானும் சில நோயாளிகளை அப்படித்தான் பார்ப்பேன்.

முதல் மாடிச் சாவி, இவர். திறந்தது. இரண்டாம் மாடி, தையல்காரம்மா. மூன்றாம் மாடி, டிரைவர். ஐந்தாம் மாடி, டீச்சர். ஆறாம் மாடிச் சாவி அக்காவிடம். 'எப்பவும் வீட்டுலயே இருக்கற ஒரே ஆள்' என்று அவளிடம் கொடுத்திருந்தோம். அதை நான் வாங்கி வந்து திறந்தேன். ஐந்து பூட்டு கழன்று தரையில் கிடந்தன. நாலாவது மட்டும் தொங்கியது.

"டாக்டர் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டோம். எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அடடா! நான் வியாழக்கிழமையே மாமனார் வீட்டுக்கு வந்துட்டேனே. சாவி பத்திரமா என் பையிலதான் இருக்கு. இங்கேர்ந்து வர எட்டு மணி நேரம் ஆகும். நான் சொல்றேன், உடைச்சிடுங்க."

எல்லோரும் செயலாளரைப் பார்த்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன்ல சொல்றது செல்லாது" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "எந்தச் சூழ்நிலையிலும்னு எழுதியிருக்கு."

"எழுதினது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்ப அடிச்சிட்டு வேற எழுதுங்க!"

"கூட்டம் போடாம விதியை மாத்தினா எனக்கும் அந்த மேனேஜருக்கும் என்ன வித்தியாசம்?"

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. மூணு மணிக்கு எங்க அக்காவை நாலு பேரு தூக்கிட்டு இறங்குவாங்க. அவங்க முன்னாடி நின்னு உங்க விதி நாலை நல்லா சத்தமாப் படிங்க. உங்களுக்கென்ன, உங்களுக்குத்தான் அவளைக் கண்டாலே ஆகாதே!"

அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, படியில் இறங்கிப் போய்விட்டார்.

கடிதம் எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். தையல்காரம்மா தோளைத் தடவினாள். லிஃப்ட் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

பத்து நிமிஷம் கழித்துப் படியில் புஸ்ஸுபுஸ்ஸென்று மூச்சுச் சத்தம். அவர்தான். கையில் ஒரு நீலக் கருவிப் பெட்டி. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்தது. நான்கு வருஷமாக அலமாரிக்கு மேல் இருந்ததில் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரியவில்லை. அதைப் பல்லால் கடித்துப் பிரித்து, இரும்பு அறுக்கும் ரம்பத்தை வெளியே எடுத்தார். ஜாம் பாட்டிலைத் திறக்கவே என்னைக் கூப்பிடுகிற மனுஷன் அவர்.

"குடுங்க சார், நான் ரெண்டு நிமிஷத்துல அறுத்துடறேன்" என்று டிரைவர் கை நீட்டினார்.

"வேணாம். விதியை எழுதினது நான். மீறினதும் நான் ஒருத்தனாவே இருக்கட்டும். நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. யாரும் சாட்சி ஆக வேணாம்."

திரும்பி நின்றோம். பத்துப் பதினைந்து பேர், கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி, ஸ்கூலில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி வரிசையாக. லிஃப்ட் அம்மாவும் எங்களோடு திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் கர்ரு கர்ரு என்று ரம்பம் இழுபட்டது. நடுநடுவே நின்றது. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். மறுபடியும் கர்ரு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டேகாலுக்குப் பூட்டு டணங்கென்று விழுந்தது.

லிஃப்ட் அம்மா உள்ளே போய் அரை மணி நேரம் உருட்டினார். வெளியே வந்து ஒரு கரிந்த துண்டைக் காட்டினார், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். "இது ஒண்ணுதாங்க போயிருந்துச்சு. மாத்திட்டேன். மொத்த லிஃப்டையும் மாத்தணும்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்?" ஐந்து மாதம். கட்டைவிரல் அளவு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேனேஜர் அப்போது கிடைத்திருந்தால் அவருடைய கரண்டியாலேயே அடித்திருப்பேன். ஆனால் அதற்குள் உள்ளே மோட்டார் 'ம்ம்ம்' என்று பாட ஆரம்பித்துவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டரைக்கு அக்காவைத் தயார் செய்தேன். வெளியே போகிற புடவை, ஐந்து மாதமாகத் தரை தொடாத செருப்பு, கைப்பை. லிஃப்ட் கதவு திறந்தது. அவள் வாக்கரைத் தூக்கி உள்ளே வைத்தாள், பிறகு தன்னை வைத்தாள். நான் கீழ்ப் பொத்தானை அழுத்தினேன்.

"அவரு எங்கடி?"

"மேல இரும்புத் தூளைக் கூட்டிட்டு இருக்காரு. கையில ரெண்டு இடத்துல வெட்டு. நம்பவே முடியலக்கா. விதியை மீறுற ஆளா அவரு? அதுவும் உனக்காக."

"ஏன், எனக்காக உடைக்கக் கூடாதா?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆகவே ஆகாதே."

அக்கா கைப்பையைத் திறந்தாள். மடித்த சீட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ரகசிய ஓட்டுன்னா ரகசியம்தான். ஆனா நீ இப்படி மண்டுவா இருந்தா நான் என்னதான் பண்றது?"

தேர்தல் அன்று டின்னில் விழுந்த சீட்டு. என் வீட்டுக்காரர் கையெழுத்து. அந்த எழுத்தை நான் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை மாடிக்குச் சுமந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பெயரை மட்டும் எழுதச் சொன்ன இடத்தில் அந்த மனுஷன் காரணமும் எழுதியிருந்தார்.

'ஆறாம் மாடி அண்ணி. காரணம்: செயலாளர் ஆகிவிட்டால் ஊருக்குப் போக மாட்டார். போய்விட்டால் நான் எழுதுவதற்குப் பதில் சொல்ல இங்கே வேறு ஆள் கிடையாது.'

அத்தனை பேரும் அவருக்குப் பாவம் பார்த்துக்கொண்டிருந்த அன்று, ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாக நின்ற மனுஷன், தன் ஓட்டைத் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. நான் சீட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்றாம் மாடி போனது, இரண்டாம் மாடி போனது. எங்கள் மாடியும் போனது.

"அழாதடி. கதவு திறக்கப்போவுது, நாலு பேரு பாப்பாங்க" என்றாள் அக்கா. அவள் கண்ணும் சரியில்லை.

மூன்று மணிக்கு அவள் மகன் நான்கு ஆட்களோடும் ஒரு கட்டு அட்டைப்பெட்டியோடும் தரைத்தளத்தில் நுழைந்தான். பஸ் டிரைவரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட முடியாததால் வாக்கர் மேல் கை போட்டு, அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பாதிக் கட்டடம் நின்றது.

"அம்மா? எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் கிளம்பலப்பா. எதிர்க்கடைக்காரன் தலை சீவறதைக் கிட்டக்க பாக்கலாம்னு வந்தேன்."

அவன் லிஃப்டைப் பார்த்தான். தானே ஏறி ஆறாம் மாடி வரை போய் இறங்கி வந்தான். வாக்குக் கொடுத்தவன், என்ன செய்வான்? நான்கு ஆட்களுக்கும் குடிக்க ஏதாவது வாங்கிக்கொடுத்து அனுப்பினான். "நல்ல அட்டைப்பெட்டி, தூக்கிட்டுப் போகாத. அந்த முப்பத்தெட்டு சாவியைப் போட்டு வைக்கலாம்" என்றாள் அக்கா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இனி எல்லோரும் ஏறி வர வேண்டாமே என்று கீழேயே வைக்கலாம் என்றார்கள். ஐந்து மாதப் பழக்கத்தில் எல்லோரும் ஆறாம் மாடிக்கே வந்து நின்றார்கள், லிஃப்டில். செயலாளர் எழுந்தார். விரலில் கட்டு. தனக்குத் தானே எழுதிய கடிதத்தைப் படித்தார். எண் இருநூற்றுப் பதின்மூன்று.

"செயலாளர் அவர்களுக்கு. நேற்றுப் பகல், செயலாளர் என்று சொல்லிக்கொள்ளும் நபர் விதி நான்கை மீறிப் பூட்டை உடைத்தார். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். அவர் பதவி விலக வேண்டும். இப்படிக்கு, முதல் மாடிக் குடியிருப்பாளர்."

படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த பல் டாக்டர், "சார், விலகாதீங்க. இன்னொரு தேர்தல் வந்தா நாங்க மறுபடியும் உங்களுக்குத்தான் போடுவோம். இந்த வாட்டி பாவம் பாத்து இல்ல" என்றார். பாவம் பார்த்த கதையே இவருக்கு அப்போதுதான் தெரியும். முகம் சுருங்கி, விரிந்து, எதில் நிற்பது என்று தெரியாமல் தவித்தது.

"புகாருக்குப் பதில் வேணுமில்ல?" என்றாள் அக்கா. கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டாள். பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைப் படித்தார். மடித்தார். மறுபடியும் பிரித்துப் படித்தார். எங்களுக்குப் படித்துக்காட்டச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து எடுத்து நான்தான் படித்தேன்.

'மாப்பிள்ளை, தங்கள் புகார் கிடைத்தது. குற்றம் உண்மை. பதவி விலகல் ஏற்கப்படவில்லை. தண்டனையாக, இனிக் கடிதங்களைத் தங்கச்சியிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே மேலே கொண்டுவர வேண்டும். நான் இங்கேதான் இருக்கிறேன். இப்படிக்கு, அண்ணி.'

அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க போறீங்க?"

"புது விதி நாலு எழுதியிருக்கேன். காட்டிட்டு வர்றேன்."

லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் ஆளைக் காணோம். மேலே போய்ப் பார்த்தேன். சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.